பச்சை டாப்பில் கல்வாழைப் பூ

"ஏம்மா, இதுல பூவெல்லாம் தலைகீழாத் தொங்குது!"

பீரோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கிருத்திகா, என் பழைய டாப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கரும்பச்சைத் துணி, அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூக்கள். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரன் அந்தப் பூவுக்கு என்ன பேர் வைத்திருந்தானோ, எனக்கு அது சாக்கடையோரம் நிற்கிற கல்வாழைப் பூதான். நிற்கிற என்று சொன்னது தப்பு. இந்த டாப்பில் காம்பு மேலேயும் பூ கீழேயுமாகத்தான் இருக்கும்.

"பழசு கண்ணு, உள்ள வெச்சுடு" என்றேன். வைத்திருந்தால் அவள் என் மகளே இல்லை.

ஃபேஷன் டிசைன் கடைசி வருஷம் படிக்கிறாள். சனிக்கிழமை காலேஜில் கண்காட்சி. தினமும் உடுத்துகிற துணியில் பூ டிசைனை எப்படிப் பாங்காகப் போட்டுக்கொள்வது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது. பெரிய பூ என்றால் ஒரே ஒரு துணியில்தான் இருக்க வேண்டுமாம், மற்றதெல்லாம் ப்ளெய்னாம். பூவில் இருக்கிற ஏதாவது ஒரு கலரை எடுத்துத்தான் பேண்ட்டுக்கோ துப்பட்டாவுக்கோ கொடுக்க வேண்டுமாம். "மேல பூ, கீழ பூ, துப்பட்டாவுலயும் பூ. நடந்து போற நர்சரி மாதிரி இருக்கறம்மா நீ" என்று என்னைச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு எத்தனை பூ இருந்தாலும் போதாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"இத எனக்குக் குடும்மா. 'இப்படிச் செய்யக் கூடாது'ன்னு போர்டு எழுதி மாட்டிடறேன்."

எனக்குப் பக்கென்றது. கண்காட்சிக்கு அவள் அப்பாவும் வருகிறார். குமாரவேல் என்றால் வீரபாண்டிப் பக்கம் நாலு பேருக்குத் தெரியும். சின்னதோ பெரியதோ, துணி வெட்டித் தைக்கிற சொந்த யூனிட். வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை இல்லாமல் வாசல்படி இறங்க மாட்டார். கட்டிங்கில் ஒரு நூல் பிசகினாலும் அவர் போடுகிற சத்தத்தில் மெஷின் சத்தம் கேட்காது. அந்த டாப்பை வெட்டினதே அவர்தான் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கதை. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று முருகன் படத்துக்கு முன்னால் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

கல்யாணமான புதிது. லைன் வீட்டில் குடியிருந்தோம். அவர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி மிச்சமாகட்டும் என்று, பாதி டாப்களுக்கான துண்டுகளைத் தலைமாற்றிப் போட்டு வெட்டிவிட்டார். கோடு போட்ட துணியிலும் புள்ளி வைத்த துணியிலும் எப்போதும் செய்கிற வேலைதான். பூவுக்குத் தலையும் காலும் உண்டு என்பது அன்றைக்கு அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. தைத்து முடித்துத் தூக்கிப் பார்த்தபோதுதான் கம்பெனிக்கே தெரிந்தது. வேலை போயிற்று. அதில் ஒரு டாப்பை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வந்து மூலையில் எறிந்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சோறு இறங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் ஏதாவது பண்ணிக்கொள்வாரோ என்று நான் பயந்துகொண்டே கிடந்தேன். ஒரு நாள் காலையில் என்ன தோன்றியதோ, அந்த டாப்பையே எடுத்துப் போட்டுக்கொண்டு, காபியோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"கழட்டிப் போடு கலை. ஊரே சிரிக்கும்."

நான் குனிந்து பார்த்தேன். நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் அத்தனை பூவும் என் கண்ணுக்கு நிமிர்ந்து நின்றன.

"எனக்கு நேராத்தானுங்க தெரியுது" என்றேன். "போட்டிருக்கறது நானு. பாக்கறவங்களுக்கு நேராத் தெரியோணும்னா, அவங்க தலைகீழா நின்னு பாக்கட்டும்."

அவர் எழுந்து உட்கார்ந்து காபியை வாங்கிக்கொண்டு என் டாப்பைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கையிலிருந்த காபி பாயில் கொட்ட, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் குடும்பம் பிழைத்தது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அந்த டாப்போடு சந்தைக்குப் போனேன், பஸ்ஸில் போனேன், கோயிலுக்கும் போனேன். கிருத்திகா வயிற்றில் வளர்ந்து தையல் பிடிக்கிற வரைக்கும் அதைத்தான் போட்டேன்.

பீரோவைக் குடைந்த அன்று சாயங்காலம் அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கிருத்திகா அந்த டாப்பை அவர் முன்னால் விரித்தாள்.

"அப்பா, இது யாரு கட்டிங்குங்க? இப்படியுமா பண்ணுவாங்க?"

தோசையைப் பிய்த்த கை நின்றது. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"எவனோ கத்துக்குட்டி" என்றார்.

தப்பை மறைத்துக்கொள்ளட்டும், அது அவர் இஷ்டம். ஆனால் அந்தக் காலையையும் அந்தச் சிரிப்பையும் சேர்த்தல்லவா எவனோ ஒருத்தனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்னி எடுக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

மறுநாள் டாப்பைக் காணோம். கிருத்திகா வீட்டையே புரட்டிப் போட்டாள், நான்தான் ஒளித்து வைத்தேன் என்று சண்டை பிடித்தாள். யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். யூனிட்டில் மெஷின் துடைப்பதற்குப் பழைய துணிகளைக் கிழித்துக் கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கூடையில் என் கல்வாழைப் பூ எண்ணெய்ப் பிசுக்கோடு கிடப்பதாக நினைத்து நினைத்து, குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவரைக் கேட்டுவிடலாம்தான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? கேட்கவில்லை.

சனிக்கிழமை, மகளுக்குப் பயந்து சாம்பல் கலரில் ஒரு ப்ளெய்ன் டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன். யூனிட்டிலிருந்து வந்தவர் நேராக உள்ளே வந்து ஒரு பையைக் கட்டிலில் வைத்தார்.

"இதப் போட்டுக்க."

பச்சை டாப். இரண்டு பக்கமும் பழைய தையலைப் பிரித்து, அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரை ப்ளெய்ன் கரும்பச்சைத் துணி வைத்துத் தைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அகலமானதற்குச் சரியான அளவு. தையல் ஓர் இடத்தில் கோணிக்கொண்டு போயிருந்தது. அவர் யூனிட் டெய்லர் யாரும் அப்படித் தைக்க மாட்டார்கள். பூக்களை மட்டும் அவர் தொடவே இல்லை.

"பெரிய பூவுக்குப் பக்கத்துல ப்ளெய்ன் வேணும்னு பாப்பா சொன்னாளே" என்றார், கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு.

போட்டுக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் எல்லாப் பூவும் தலைகீழாகத்தான் தெரிந்தது.

"நேரா இருக்குதா கலை?"

குனிந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"நேராத்தானுங்க இருக்குது."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். உள்ளே வந்த கிருத்திகா அப்படியே நின்றுவிட்டாள். என்னைச் சுற்றி வந்து, பக்கவாட்டில் வைத்துத் தைத்த துணியைத் தடவிப் பார்த்தாள்.

"செமயா இருக்குதும்மா! யாரு பண்ணிக் குடுத்தா?"

நான் வாக்குக் கொடுத்தவள், வாயைத் திறக்கவில்லை. வெளியே ஹாரன் அடித்தது. இருவரும் வாசலுக்கு வந்தோம். அவர் காரை விட்டு இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையின் தோளில், விரல் நீளத்துக்கு ஒரு பச்சை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. செருப்பில் பாதிக் காலை நுழைத்தபடி கிருத்திகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.