சீட்டின் பின்பக்கம்

ஹார்லன் வெல்ட்காம்ப் தினமும் காலை மூன்று மணி நேரம் வானொலியில் பேசுவார். நான் பொத்தான்களைப் பார்த்துக்கொள்வேன். எங்கள் நிலையம் மிச்சிகனில், ஆல்டர்டன் ஊரில், தீவனக் கடையின் மாடியில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பால் கறக்கும் கொட்டகைகள் எல்லாவற்றிலும் அவர் குரல்தான். அந்த மாடுகளும் குடியரசுக் கட்சிதான் என்று ஊரில் சொல்வார்கள்.

ஹார்லன் வலதுசாரி. அதை ஒளித்ததில்லை. வரி குறைய வேண்டும். அரசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாஷிங்டனில் இருப்பவர்கள் அடுத்தவன் பணத்தைத் தங்கள் பணம் போலச் செலவழிக்க வேண்டும், அதாவது யோசித்து.

தேர்தல் வந்தால் இரண்டு அறிவுரை தருவார். தேர்தல் செவ்வாய்க்கிழமை, அன்றைக்கே போய்ப் போடு. முன்கூட்டிப் போடுவது கேக் வேகும் முன்னே வெட்டுவது மாதிரி. இது ஒன்று. இன்னொன்று, வாக்குச்சீட்டின் உச்சியில் கட்சிக்கென்று இருக்கும் வட்டம். அதைக் கருப்பாக்கினால் கட்சி நிறுத்திய எல்லோருக்கும் வாக்கு விழுந்துவிடும். "ஒரு வட்டம், அப்புறம் வீடு" என்பார். நிலையம் அதைக் காபிக் கோப்பையில் அச்சடித்து விற்றது. என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

அந்த ஆண்டு அவர் மனைவி நெல்டா நூலகக் குழுவுக்கு நின்றார். ஓர் இடம், இரண்டு பேர். நூலகக் கூரை ஒழுகியது. கட்டடத்தை இடித்துக் கண்ணாடியில் புதிதாகக் கட்டலாம், வீட்டு வரியைக் கொஞ்சம் ஏற்றினால் போதும் என்றார் லிண்ட்குவிஸ்ட், ஓய்வுபெற்ற பேராசிரியர், நல்ல மனிதர். கூரையை மாற்றினால் போதும் என்றார் நெல்டா. அவ்வளவுதான் போட்டி.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை நிகழ்ச்சிக்குப் போனில் ஓர்வில் ப்ரூயின்ஸ் கூப்பிட்டார். ஓர்வில் ஜனநாயகக் கட்சிக்காரர். ஹார்லனோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர். தினம் கூப்பிட்டுச் சண்டை போடுவார். கூப்பிடாத நாளில் ஹார்லன் நிகழ்ச்சி முடிந்ததும் அவருக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்.

"டேய் ஹார்லன், மாதிரி வாக்குச்சீட்டு பேப்பர்ல வந்திருக்கு. பார்த்தியா?"

"அதுல பார்க்க என்னடா இருக்கு? மேல ஒரு வட்டம்..."

"நூலகக் குழுவுக்குக் கட்சி கிடையாதுடா. உன் பொண்டாட்டி பேரு பின்பக்கம் இருக்கு. உன் வட்டம் அங்க எட்டாது."

ஹார்லன் பேசவில்லை. வானொலியில் மௌனம் பெரிய குற்றம். நான் உர விளம்பரத்தைப் போட்டேன்.

"நம்ம ஆளுங்க முன்பக்கத்தோட எழுந்து போயிடுவாங்களே, ட்ரூடி" என்றார் என்னிடம்.

"நீங்கதானே பழக்கினீங்க."

"திருப்பிப் பார்க்கறதெல்லாம் ஓர்வில் கூட்டம்."

ஒன்பது மணிக்கு நெல்டா காரோடு வந்தார். ஹார்லன் மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டார்.

"உனக்கு இது தெரியுமா?"

"மனு குடுத்த அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ மூணு மணி நேரம் பேசற. வீட்டுக்கு வந்தும் பேசற. நடுவுல எங்க சொல்றது?"

"நாளைக்கே சரி பண்றேன்."

"பண்ணு. என் பேரை மட்டும் எடுக்காத. புருஷன் கூவித்தான் ஜெயிச்சாள்னு ஒருத்தி சொல்லிடக் கூடாது."

மறுநாள் சீட்டைத் திருப்புங்கள் என்று ஹார்லன் பேசினார். முதல் அழைப்பு கிரேட்டா மல்டர் அம்மாள். ஆரம்ப நாளிலிருந்து கேட்பவர்.

"ஏம்பா, இத்தனை வருஷமா ஒரு வட்டம் போதும்னு சொன்ன. உன் வீட்டுக்காரி நின்னதும் சீட்டுக்கு ரெண்டாவது பக்கம் முளைச்சுடுச்சா?"

ஹார்லனின் காது சிவந்தது. அடுத்த அழைப்பு ஓர்வில். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அதன்பிறகு ஹார்லன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொன்னால் சுயநலம். சொல்லாவிட்டால் நெல்டா தோற்பார். நடுவில் ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் பேசினார். முன்னைவிடச் சத்தமாகப் பேசினார்.

தேர்தலுக்கு முந்தின திங்கட்கிழமை காலை எழுதிவைத்த தாளைத் தள்ளிவிட்டு மைக்கைப் பார்த்தார்.

"வாஷிங்டனை நாம தினம் திட்டறோம். திட்டணும்தான். ஆனா அது நம்ம பேச்சைக் கேக்கற தூரத்துல இல்ல. நம்ம ஊர்ல ஒரு கூரை ஒழுகுது. அதை ஒழுகவிட்டதும் ஒரு அரசாங்கம்தான். அது பக்கத்து வீட்டுல குடியிருக்கு. கதவைத் தட்டிக் கேக்கலாம். சின்ன அரசாங்கம் வேணும், சின்ன அரசாங்கம் வேணும்னு கத்தறோமே, இருக்கறதுலயே சின்னது அந்தச் சீட்டோட பின்பக்கம்தான் இருக்கு. யாருக்கு வேணா போடுங்க. வெறுமையா விட்டா அதுவும் நாம விட்ட ஒழுக்குதான்."

ஓர்வில் கூப்பிட்டார். "டேய், முதல் தடவையா நீ சொன்னதை ஒத்துக்கறேன். டாக்டரைப் பார்க்கணும்னு நினைக்கிறேன்."

வேறு யாரும் கூப்பிடவில்லை. நன்றாக இருந்தது என்று கீழே தீவனக் கடையில் ஒருவர் சொன்னார். சீட்டைத் திருப்புவாரா என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் ஹார்லன் வாக்குப்போட ஊர்மன்றத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது கோட்டில் 'வாக்களித்தேன்' ஒட்டுத்தாள் இருந்தது. கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"போட்டாச்சா?" என்றேன்.

"போட்டேன். நல்ல கூட்டம். ஓர்வில் முன்னாடி நின்னான். வாயை மூடவே இல்ல. நானும் விடல. அதே சூட்டுல உள்ள போனேன். மேல வட்டத்தைக் கருப்பாக்கினேன். மெஷின்ல விட்டேன். அது இழுத்துக்கிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"திருப்பவே இல்லையா?"

"கை தன்னால போயிடுச்சு, ட்ரூடி."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை.

"நெல்டா கிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஊர்மன்ற வாசல்ல சர்ச் போட்ட மேசையில டோனட் வித்துட்டிருக்கா. திருப்பினியான்னு கேட்டா. ஆமான்னு தலையாட்டிட்டேன்."

கீழே யாரோ மூட்டை இறக்கினார்கள். ஹார்லன் ஒட்டுத்தாளை உரித்தார்.

"இன்னும் யாரெல்லாம் போடல?"

"உங்க ஆளுங்கதான். செவ்வாய்க்கிழமை தவிர போடாதேன்னீங்க. கறவை முடிச்சு சாயங்காலம்தான் வருவாங்க."

என் மேசையில் இருந்த 'ஒரு வட்டம், அப்புறம் வீடு' கோப்பையை அவர் தன் பக்கம் திருப்பினார்.

"மைக்கைப் போடு."

"அந்த டோனட் மேசையில நம்ம ரேடியோதான் ஓடும். நெல்டா கேட்டுடுவாங்க."

"தெரியும். போடு."

போட்டேன்.

"நான் ஹார்லன். இப்பதான் ஓட்டுப் போட்டுட்டு வரேன். நேத்து கூட திருப்புங்கன்னு சொன்ன மனுஷன், மேல ஒரு வட்டத்தைப் போட்டுட்டு, பின்பக்கத்தைத் திருப்பாம வந்துட்டேன். யாரும் ஏமாத்தல. மெஷின் மேல தப்பு இல்ல. வாஷிங்டன் மேலயும் இல்ல. நானே உங்களுக்குச் சொல்லிக் குடுத்த பாடம், எனக்கும் நல்லாப் படிஞ்சிருக்கு. வாசல்ல ஒருத்தங்க கேட்டப்ப திருப்பினேன்னு தலையாட்டிட்டு வேற வந்தேன். அது அதைவிடக் கேவலம். என் ஓட்டு போச்சு. உங்களோடது இன்னும் உங்க கையில இருக்கு."

மைக்கை அவரே அணைத்தார். எல்லா போன் இணைப்பிலும் விளக்கு எரிந்தது.

முதலில் ஓர்வில், ஊர்மன்றத்து வண்டி நிறுத்துமிடத்திலிருந்து. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "டேய், ஜனாதிபதி யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும்டா. எனக்கு இன்னைக்குப் போதும்."

"நெல்டா என்ன பண்றா?"

"ஒண்ணும் சொல்லல. டோனட் இடுக்கியை ஓங்கித் திறந்து மூடிட்டிருக்கா."

அடுத்து கிரேட்டா அம்மாள். "நீ திருப்புன்னு சொன்னப்ப நம்பலப்பா. சுயநலம்னு நினைச்சேன். இவ்வளவு மடையன் பொய் சொல்ல மாட்டான். நான் இன்னும் போடல. போறேன்."

மாலை நான் வாக்குப்போடப் போனேன். வரிசை கதவைத் தாண்டி நின்றது. ரப்பர் பூட்ஸ், பால் வாடை. உள்ளே ஒருவர் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. வரிசையில் சிரிப்பு. இன்னொரு மறைப்பிலிருந்து இன்னொரு தாள். மறுபடி சிரிப்பு. மேசையில் இருந்த அலுவலர் அமைதி, அமைதி என்றார். அவரும் சிரித்தார்.

வாக்குப்பதிவு முடிந்து எண்ணிக்கையைக் கதவில் ஒட்டினார்கள். நெல்டா பதினொரு வாக்கில் வென்றிருந்தார். லிண்ட்குவிஸ்ட் வந்து கைகொடுத்தார். கூரை மாற்றும்போது ஏணி பிடிக்கத் தயார் என்றார். அவர் போனதும் ஹார்லன் டோனட் மேசைக்கு வந்து, எட்டி நின்றார்.

"பதினொண்ணு" என்றார்.

"ஆமா. அதுல உன்னோடது இல்ல."

"தலையாட்டினது தப்புதான்."

"ஊருக்கே சொல்லிட்டே. எனக்குத் தனியா வேற எதுக்கு?"

ஓர்வில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "நான் உனக்குத்தான் போட்டேன், நெல்டா. இவன் கிட்ட சொல்லாத."

"நான் இங்கதான்டா நிக்கறேன்" என்றார் ஹார்லன்.

"அதனாலதான் சொல்றேன். நானும் வீட்டு வரி கட்டறவன்தானே."

டப்பாவில் கடைசியாக ஒரு டோனட் இருந்தது. ஹார்லன் கையை நீட்டினார். நெல்டா அதை இடுக்கியால் எடுத்து ஓர்விலிடம் கொடுத்தார்.