தெற்குப் பதிப்பு

மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். ஒரு நாளிதழின் தெற்குப் பதிப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரையின் தலையில் சிவப்புப் பட்டை விழுந்திருந்தது: 'இதை முதன்மைப் பத்திரிகையின் கட்டுரையோடு இணைக்கலாமா?' அந்தப் பதிப்பில் அப்பா பத்தொன்பது வருடம் பிழை திருத்தினார். அதை மூடியதிலிருந்து மருந்து அட்டையில் இருக்கும் எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறார்.

கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: 'பதினாறு பக்கங்களில் பதினான்கு தலைமையகத்திலிருந்து வந்தவை. இரண்டு பக்கத்துக்குத் தனிக் கட்டுரை எதற்கு?' கீழே ஒரு மேற்கோள்: 'பத்திரிகை தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது சான்றாகாது.' அந்த வாக்கியம் என்னுடையது. போன மாதம் வடக்குப் பதிப்பின் கட்டுரையை இணைக்கச் சொல்லி எழுதியது. மூன்று முறை திருத்தினேன். நன்றாக வந்திருக்கிறது என்று நாட்குறிப்பிலும் குறித்துவைத்தேன். அந்தக் கட்டுரையை எழுதியவர் யாருடைய மகளோ என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அப்பா பின்னால் வந்து நின்றார்.

"என்ன பாப்பா, செவப்பா என்னமோ இருக்கு?"

"தனியா இருக்கணுமா, சேர்த்துடலாமான்னு பேசுறாங்கப்பா."

"பதினாறுல ரெண்டு பக்கந்தான் எங்களுது. மீதியில தப்பு இருந்தாலும் தொடக்கூடாது." சிரித்தார். "ஒரு தடவ இரங்கல் செய்தியில போட்டோ மாறிப்போச்சு. போட்டோவுல இருந்த ஆளே ஆபீசுக்கு வந்துட்டாரு. டீ வாங்கிக் குடுத்து அனுப்பினோம்."

"அதப் பத்தி வேற பத்திரிகையில வந்துச்சாப்பா?"

"எங்க தப்ப அவன் எதுக்கும்மா போடப்போறான்? மறுநாள் நாங்களே திருத்தம் போட்டுட்டோம்."

அவர் உள்ளே போனதும் உரையாடல் பக்கத்துக்குத் திரும்பினேன். வடக்குக்கு ஒரு நியாயம், தெற்குக்கு ஒரு நியாயமா? 'இணைக்கலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அது நேர்மையா, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயமா என்று இன்னும் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து வகுப்பு முடிந்து வந்தபோது அப்பா கணினி முன் உட்கார்ந்திருந்தார். கட்டுரையை இணைத்துவிட்டதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தேடல் பெட்டியில் தெற்குப் பதிப்பின் பெயரை அடித்தார். திரை முதன்மைப் பத்திரிகையின் கட்டுரைக்குத் தாவி, தலைமையகக் கட்டடத்தின் படத்தில் போய் நின்றது.

"நாந்தான் தப்பா அடிக்கிறேன் போல."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். அடித்ததை அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தபடி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.