எண்ணெய்த் தடம்

பச்சையம்மா வீட்டுச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் உப்பு பூத்திருந்தது. தொட்டால் மாவாகக் கொட்டியது. காசிமேட்டில் இது புதிதல்ல. அந்தச் சுவரைப் பூசிய மேதை நான் என்பதுதான் விசேஷம். எட்டு வருடத்துக்கு முன், லாரித் தண்ணீர் வரும்வரை பொறுக்காமல், கருவாடு மாதிரி கரிக்கும் போர் தண்ணீரில் சிமெண்டைக் குழைத்தேன். பம்பு அடித்துக் கொடுத்தவன் அவள் புருஷன் அன்பரசன், மீன்பிடி லாஞ்ச் ஓட்டியவன். போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், இதே சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டான்.

சுவரில் தட்டளவுக்கு ஒரு கறுத்த வட்டம். கடலிலிருந்து வந்ததும் தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு அவன் சாயும் இடம். உப்பு அதற்கு நாலு விரல் கீழே வந்துவிட்டது.

“அண்ணாத்தே, அத்த தொடாம வேல செய்வியா?” பச்சையம்மா வட்டத்தைக் காட்டினாள்.

எனக்கு அழுகை வந்தால் வாய் ஜோக்கடிக்கும். “எண்ணெக் கறைய வுட்டுட்டுப் பூசுனா ஊரே என் மூஞ்சில துப்பும், தங்கச்சி.”

“துப்பட்டும். தொடச்சிக்கோ.”

ஈரத்துணி போட்டால் உப்பு கரைந்து உள்ளே போய், நாலு நாளில் திரும்பி வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தேன். பூச்சே பெயர்ந்து வந்தது. செங்கல் தெரியக் கொத்தாமல் முடியாது. அதைச் சொல்லாமல் பிரஷ்ஷைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவளே ஆரம்பித்தாள். “போர் தண்ணிலதானே கலந்தீங்கோ ரெண்டு பேரும்? பாத்துக்கினுதான் இருந்தேன்.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“அது பம்பு அடிச்சிக்கினே பாடிக்கினு கெடந்திச்சு. எப்டி நிறுத்தச் சொல்றது?”

கொத்தினேன். உளி பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. வட்டத்தை நெருங்கியதும் உளியைத் திருப்பிப் பிடித்தேன். தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம். எண்ணெய் குடித்த பூச்சுக்குள் உப்பு நுழையவில்லை. என் வேலையில் உருப்படியாக நின்றது அந்தத் தட்டளவுதான், அதுவும் அவன் தலையால். பின்னாலிருக்கும் செங்கல் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று அவள் கேட்கவில்லை. இந்தத் தடவை குடத்தோடு லாரித் தண்ணீர் வரிசையில் நின்று, வட்டத்தைச் சுற்றிப் பூசினேன்.

காய்ந்ததா என்று பார்க்கப் பத்தாம் நாள் போனேன். கதவு திறந்திருந்தது. பச்சையம்மா முதுகு நிமிர்த்தி, அந்த இடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. எழுந்து, கொடியில் கிடந்த புடவையை இழுத்து மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாள். எட்டவில்லை.

நான் வாசலிலேயே நின்றேன். அவள் இன்னொரு புடவைக்குக் கை நீட்டினாள்.