மாற்றாள்

கட்டடத்துக்கு ஜன்னல் கிடையாது. கைபேசியை வாசலில் உள்ள லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூட்டுவதற்கு முன் சார்ஜென்ட் மரிசேலா ட்ருஹியோ மகளுடன் பேசினாள்.

"உன் இடத்துக்கு வர்றவங்க வந்துட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லடா."

"அவங்க பேரு என்ன?"

"வந்தாத்தான் தெரியும்."

மகள் இனேஸ் ஃப்ளோரிடாவில் அப்பாவுடன் இருந்தாள். அவருக்கும் இதே விண்வெளிப் படையில்தான் வேலை, ராக்கெட் ஏவுமிடத்தில். மரிசேலாவுக்குக் கொலராடோவில், செயற்கைக்கோள்களைக் கவனிக்கும் அறையில். படைக்கும் இனேஸுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. விமானப் படையிலிருந்து அதைப் பிரித்தபோது வேலைகள் எல்லாம் பிரிந்து வந்தன. ஆட்கள் அந்த அளவுக்கு வரவில்லை.

மரிசேலா இரண்டு முறை இடமாற்றம் கேட்டாள். மாற்றாள் இல்லாமல் விட முடியாது என்று இரண்டு முறையும் பதில் வந்தது. மாற்றாள் வர வேண்டுமென்றால் ஒரு ஷிப்டுக்கு இத்தனை பேர் தேவை என்ற எண் உயர வேண்டும். அதை அளக்கத்தான் ஓடெல் ப்ரூயிட் வந்திருந்தார். சீருடை இல்லாதவர், ஓய்வு பெறும் வயது. மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யார் எதைச் செய்கிறார்கள், எது செய்யாமல் நிற்கிறது என்று ஒரு வாரம் பார்ப்பார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் கேப்டன் ஹேவர்ட்டி எல்லோரையும் கார் நிறுத்துமிடத்தில் கூட்டினார்.

"ஒரு வாரத்துக்கு யாரும் நல்லவங்களா இருக்காதீங்க. ஷிப்ட் முடிஞ்சா கிளம்புங்க. நிக்கற வேலை நிக்கட்டும். அவர் கண்ணுல படணும்."

லிண்ட்க்விஸ்ட் சிரித்தான். அடுத்த ஷிப்டின் சார்ஜென்ட். "மரி கிளம்புவாளா? பாத்ரூம்ல பேப்பர் தீர்ந்தாக்கூட மாத்தி வெச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவா, கேப்டன்."

"ட்ருஹியோ?"

"போயிடுவேன், கேப்டன்."

அவர்கள் எல்லோரும் பழைய படையில் வளர்ந்தவர்கள். வேலையைப் பாதியில் விட்டுப் போவதை அங்கே கோழைத்தனமாகவே பார்த்தார்கள். அதனால் ஷிப்ட் முடிந்தும் நின்றார்கள், விடுப்பிலும் வந்தார்கள். எல்லாம் முடிந்தது என்றே மேலே தகவல் போயிற்று. போதுமான ஆட்கள் இருக்கிறார்கள் என்று மேலே நம்பினார்கள்.

அந்த வாரம் மரிசேலா கிளம்பினாள். திங்களன்று அறிக்கைகள் பாதியில் நின்றன. மறுநாள் ஒரு செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்து போனபோது அதோடு பேச ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதுபோல் இருந்தது. காரை ஓட்டிக்கொண்டு போனாள்.

வியாழனன்று காபி இயந்திரத்தின் பக்கத்தில் ப்ரூயிட் குரலைத் தாழ்த்தினார். "இப்படியே போனா ஷிப்டுக்கு ஒரு ஆள் கூடுதலாக் கிடைக்கும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அன்று மகளிடம், "சீக்கிரம்" என்றாள்.

வெள்ளி பிற்பகல் லிண்ட்க்விஸ்டிடம் பொறுப்பை ஒப்படைத்தாள். அவன் பக்கத்து நாற்காலி வசந்த காலத்திலிருந்தே காலி. அவள் கதவுக்கு நடந்தபோது முதல் எச்சரிக்கை ஒலித்தது. கைவிடப்பட்ட ராக்கெட் துண்டு ஒன்று ஒரு செயற்கைக்கோளை நெருங்கிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோளை அதன் பாதையிலிருந்து விலக்க வேண்டும். லிண்ட்க்விஸ்ட் கட்டளைகளைத் தட்டத் தொடங்கினான். இரண்டாவது எச்சரிக்கை ஒலித்தது.

இது வேறொரு செயற்கைக்கோள், பழையது. கடலில் விழுந்தவர்களின் அபாயக் குரலைக் கேட்பதற்காகப் பறப்பது. அதன் ஹீட்டர் அணைந்திருந்தது. அடிவானத்துக்குக் கீழே போவதற்குள் ஹீட்டரைப் போடாவிட்டால் பேட்டரி உறைந்துவிடும். பிறகு அது எழாது.

லிண்ட்க்விஸ்ட் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போ, மரி. திரும்பிப் பார்க்காத."

"ரெண்டையும் உன்னால முடியாது."

"முடியாதுன்னு அவர் எழுதட்டும். அதுக்குத்தானே வந்திருக்காரு? போய்த் தொலை."

அவள் கை கதவின் பிடியில் இருந்தது. ப்ரூயிட் அவளைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் லாக்கர். லாக்கருக்குள் கைபேசி. ஒரு செயற்கைக்கோள் செத்தால் மாற்றாள் நிச்சயம்.

அவள் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஹீட்டரை நான் பாத்துக்கறேன்."

"நாசமாப் போ," என்று சொல்லி லிண்ட்க்விஸ்ட் அதன் இணைப்பை அவள் திரைக்குத் தள்ளினான்.

ஹீட்டர் எரிந்தது. ராக்கெட் துண்டு மோதாமல் கடந்து போயிற்று.

ப்ரூயிட் தன் பொருட்களை எடுத்து வைத்தார். மரிசேலா அவர் எதிரில் போய் நின்றாள்.

"நான் ஷிப்ட் முடிஞ்சு கிளம்பிட்டேன். அதை எழுதுங்க, சார்."

"எழுதிட்டேன்."

"இங்க ஒருத்தர்தான் இருந்தாரு."

"வேலைக்கு ரெண்டு பேர் தேவைப்பட்டாங்க. ரெண்டு பேர் இருந்தீங்க."

"யாரும் என்னைக் கூப்பிடல."

"அதையும் எழுதிட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூப்பிடாமலே வர்ற அனுபவசாலி ஒருத்தர் இருக்கிறவரைக்கும் இப்போ இருக்கிற எண்ணிக்கை போதும். என் கணக்குல அப்படித்தாம்மா வருது."

"நான் உட்காராம போயிருந்தா?"

"உங்களுக்கு மாற்றாள் கிடைச்சிருக்கும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கடல்ல எவனாவது கத்திக்கிட்டே இருந்திருப்பான்."

அவர் கை நீட்டினார். அவள் குலுக்கினாள்.

இலையுதிர் காலத்தில் பதில் வந்தது. எண் உயரவில்லை. ஆனால் அவள் இடம் இன்றியமையாதது என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் இருப்பவர் இடமாற்றம் கேட்க முடியாது. கேப்டன் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "இது ஒரு மரியாதைதான், ட்ருஹியோ," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

வெளியே மலை முழுக்கப் பனி விழுந்திருந்தது. லிண்ட்க்விஸ்ட் தன் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தான். அவன் பக்கத்து நாற்காலி இன்றும் காலி.

"இன்னிக்கு நீ வீட்டுக்குப் போற," என்றான். "பிடிச்சுத் தள்ளிடுவேன்."

"போறேன்."

லாக்கரைத் திறந்தாள். கைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அவங்க பேரு தெரிஞ்சுதா?"

உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம், எச்சரிக்கை மணி ஒலித்தது. ஒரு முறை. மரிசேலா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இரண்டாவது ஒலிக்கிறதா என்று காத்திருந்தாள்.

"அம்மா?"

"இரு செல்லம்," என்றாள். "ஒரு நிமிஷம் இரு."