இஞ்சினுக்குள் முதலாமவர்

பல் டாக்டரம்மாவின் இரண்டாம் கணவர் ஓட்டிய காரின் இஞ்சினைச் சூடேறாமல் பார்த்துக்கொண்டவர், டாக்டரம்மாவின் முதல் கணவர். அந்த வேலையில் அவர் சேர்ந்தபோது, இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

முதலாமவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பழைய பந்தயக் கார் ஒன்றின் நகலைத் தன் கையாலேயே கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அசலை வாங்க ஏழு தலைமுறை உட்கார்ந்து கண்ணாடி விற்க வேண்டும். நகலுக்கு ஒரு ஃபைபர் உடம்பும், எங்கோ நசுங்கிக் கிடந்த சாதாரணக் காரின் இஞ்சினும் போதும். இஞ்சின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. ஒரு விசிறி ஊதுகிற காற்றுதான் அதன் குளிர்ச்சி. அதில் ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் இதயம் நின்றது. கார் நின்ற ஷெட்டின் பின்சுவரில் சாய்ந்தபடியே இறந்திருந்தார். அன்று முதல் அந்தச் சுவரருகே ஓர் ஆள் அகலத்துக்குக் குளிர் நின்றது. டாக்டரம்மா அங்கே ஒரு ஸ்டூல் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், போர்வையோடுதான்.

இரண்டாமவர் டைல்ஸ் வியாபாரி. கடைத்தெருவில் அவருக்குத் 'தள்ளுபடி' என்று பெயர். சொன்ன விலைக்கு அவர் எதையும் வாங்கியதில்லை. திருமணத்தைப் பதிவு செய்யப் போன இடத்திலும் கட்டணத்தைக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொன்னவர். முதலாமவரின் சட்டைகள் அவருக்குச் சரியாக இருந்தன, செருப்பும் சரியாக இருந்தது. அரைகுறையாக நின்ற காரும் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, ஒரே வருடத்தில் அதைக் கட்டி முடித்தார். மிச்சமாகத் துருப்பிடித்த தகரங்கள் சில கிடந்தன. கட்டி முடித்த பிறகும் மிச்சப்படுகிற பொருளை லாபம் என்று எண்ணுவது வியாபாரி புத்தி. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்.

முதல் ஓட்டத்திலேயே கார் பாலத்துக்கு இந்தப் பக்கம் புகைந்து நின்றது. வந்து பார்த்த மெக்கானிக் மூடியைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, இது கக்குன சூட்டையே திரும்பக் குடிக்குது. மேல இருக்கிற நல்ல காத்தையும் கீழ போற சூட்டையும் பிரிக்கச் சுத்திலும் தகரம் இருக்குமே, எங்க?"

"அந்தத் துருவா? வித்துட்டேன். நல்ல விலைக்குத்தான்."

"இஞ்சினோட சட்டையைக் கழட்டி வித்துட்டு, நல்ல விலையாம்."

இருவருமாகத் தள்ளி வந்து, இஞ்சின் பக்கம் சுவரைப் பார்க்கும்படி ஷெட்டில் நிறுத்தினார்கள். மறுநாள் சுவரருகே குளிர் இல்லை, காருக்குள் இருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு ஓட்டினாலும் இஞ்சின் சூடேறவில்லை. மலையேறியது, உச்சிவெயிலில் நெரிசலில் நின்றது, அலட்டிக்கொள்ளவில்லை. வேகமாகப் போகும்போது பின்னாலிருந்து யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாமவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மாதான் மூடியின் உட்புறத்தைப் பார்த்தார். அங்கே பனி படிந்து, அதில் ஒரு கை பதிந்திருந்தது. உள்ளேயிருந்து மூடியைத் தாங்கிப் பிடித்த கை. சுண்டுவிரல் கோணலாக இருந்தது. அந்த விரலை அவருக்கு நன்றாகத் தெரியும். தகரம் இருக்க வேண்டிய இடத்தில், சூட்டுக்கும் காற்றுக்கும் நடுவே, ஆள் நின்றுகொண்டிருந்தார். கடற்கரை வரை போய்வந்த பிறகு பார்த்தால் கட்டைவிரல் இல்லை. அக்கா மகள் வீட்டுக்குப் போய்வந்ததில் இன்னொன்று போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் மூடியில் மிஞ்சியது கோணல் விரல் ஒன்றுதான்.

"என்னங்க, அவர் கரைஞ்சுக்கிட்டே வராரு."

யார் என்று இரண்டாமவர் கேட்கவில்லை. "அவர் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலையே," என்றார்.

"சொல்லாத ஆளுதான். அதனாலதான் எல்லாரும் அவர் தலையில ஏறி உக்காந்தாங்க. செத்தும் விடலை நீங்க."

இரண்டாமவர் அன்று சாவியை ஆணியில் மாட்டினார். ஆனால் குளிர் சுவருக்குத் திரும்பவில்லை. கார் நின்றாலும் அது தன் இடத்திலேயே நின்றது. பொறுப்பை ஒப்படைக்க ஆள் வராமல் போக மாட்டேன் என்பதுபோல. அந்த ஒற்றை விரலும் மெலிந்துகொண்டே வந்தது. டாக்டரம்மா மதியங்களில் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போர்வை தேவைப்படவில்லை.

இரண்டாமவர் பழைய இரும்புக்காரரைத் தேடிப் போனார். தகரங்கள் அங்கே கோழிக்கூண்டுக்குக் கூரையாகியிருந்தன. இரும்புக்காரர், எப்படியும் பேரம் நடக்கும் என்று, ஒரு கார் விலையைச் சொல்லிவைத்தார். இரண்டாமவர் பேரம் பேசாமல் பணத்தை எடுத்தார். இரும்புக்காரர் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா? பாதி குடுங்க, போதும்."

"சொன்னது சொன்னதுதான்," என்று முழுப் பணத்தையும் வைத்துவிட்டு, கோழி எச்சத்தோடு தகரங்களைச் சுமந்து வந்தார். கடைத்தெருவில் இதை இன்றுவரை யாரும் நம்பவில்லை. காரில் ஆவி இருந்ததை நம்புகிறார்கள்.

மெக்கானிக் தகரங்களைச் சுரண்டிக் கழுவி, இஞ்சினைச் சுற்றிப் பூட்டி, இடுக்குகளில் ரப்பர் கொடுத்து அடைத்தார். இஞ்சின் மேலே இருந்த நல்ல காற்றை மட்டும் குடித்துச் சமர்த்தாக ஓடியது. மூடியின் உட்புறம் காய்ந்து, வெறும் மூடியாக இருந்தது. டாக்டரம்மா அன்று கிளினிக் திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் சாவியை எடுத்து, தனியாக ஓட்டிக்கொண்டு போனார். பாலத்தைத் தாண்டும்போது இடதுகை சில்லிட்டது. பக்கத்து இருக்கைக்கு எதிரே, முன்கண்ணாடியின் உட்புறத்தில், கோணலாக ஒரு விரல் பதிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு இரண்டு விரல். வெயில் காலம் வருவதற்குள் கை முழுதாகிவிட்டது. பந்தயக் காருக்கு இருக்கை இரண்டுதான்; நகல் என்பதற்காக மூன்றாவது வைக்க முடியாது. ஆகவே வார நாட்கள் இரண்டாமவருக்கு, ஞாயிறு டாக்டரம்மாவுக்கும் முதலாமவருக்கும் என்று ஆனது. இதில் இரண்டாமவர் பேரம் பேசவில்லை. ஞாயிறு காலை கேட்டைத் திறந்துவிடுவது அவர்தான். திரும்பி வந்ததும் இஞ்சின் மூடியில் ஒரு கையும் பக்கத்து இருக்கையில் ஒரு கையும் வைத்துப் பார்ப்பார். இது சூடாகவும் அது சில்லென்றும் இருந்தால், கேட்டைச் சாத்திவிட்டு டீ போடப் போவார்.