கீறல் இல்லாத பாறை

1.

இந்தக் கதை பிறந்ததே தனபால் செய்த ஒரு தப்பினால். எழுதுகிறவனும் அந்தத் தனபால்தான். 'நான்' என்று ஆரம்பித்தால் நாலாவது வரியிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு நல்லவனாகிவிடுவான். அதனால் இங்கே அவன் வெறும் 'அவன்'.

முதல் தொடக்கம்: நாமக்கல் சமவெளிக்கு மேலே, இரண்டு மலைகளுக்கு நடுவே, இருநூற்றைம்பது கோடி வருடமாக ஒரு பள்ளத்தாக்கு

(நிறுத்தியாயிற்று. அந்த வயது பாறைக்குத்தான். பள்ளத்தாக்கு வெகு பின்னால் மழையும் ஓடையும் அரித்த பள்ளம். இப்படி எல்லாம் தெரிந்தவன் மாதிரி எழுதித்தானே போன தடவை வினை வந்தது!)

2.

இரண்டாம் தொடக்கம். தனபால் இருபது வருடம் ரிக் லாரியில் போர்வெல் போட்டவன். துளையிலிருந்து வரும் கல்மாவை இருபது அடிக்கு ஒரு குவியலாக வரிசையில் வைப்பது ரிக்காரர்கள் வழக்கம். மாவின் நிறம் மாறினால் கீழே கல் மாறுகிறது. கல் மாறுகிற இடத்தில் கீறல் இருக்கும், கீறலில் தண்ணீர் இருக்கும். ரிக்காரனுக்குக் கீறல்தான் கடவுள்.

அந்தப் பள்ளத்தாக்கில், ஜோதி என்பவளின் காட்டில் (அங்கே விவசாய நிலத்துக்குக் காடு என்றுதான் பேர்), எழுநூறு அடி போட்டார்கள். முப்பத்தைந்து குவியலும் ஒரே வெள்ளை, ரவை மாதிரி.

"ஒரு பொட்டுத் தண்ணிகூடவா இல்லீங்ண்ணா?" என்றாள் ஜோதி.

"கீறலே இல்லம்மா. நா என்ன பண்ணட்டும்?"

மலையடியில் ஒரு பழைய கிணறுதான் அவளுக்கு மிச்சம். கறுப்புப் பாறையும் வெள்ளைப் பாறையும் சேருகிற இடத்தில் கசிந்து ஊறும் தண்ணீர். நாலு பேருக்கும் இரண்டு எருமைக்கும் அது போதும்.

3.

தனபாலுக்கு மனசு கேட்கவில்லை. கோயில் திருவிழா மலரில் ஒரு கட்டுரை எழுதினான். ஊர்ப்பெயர், போகும் வழி, ஜோதியின் காடு எல்லாம் போட்டான். 'நிலவில்கூட இந்த வகைக் கல் உண்டாம்'* என்று ஒரு வரி. அதற்குக் கீழே: '[          ] பள்ளத்தாக்கில் எழுநூறு அடிக்கு ஒரு கீறல் கிடையாது. எவ்வளவு கொடிய நிலம்!'

(* கல்லூரியில் பாறை பற்றிப் பாடம் நடத்தும் ஒருவர் சொன்னது. இவன் பங்குக்கு 'கூட' மட்டும்.)

ஒப்பாரியாகத்தான் எழுதினான். கீறலில்லாத கல் ரிக்காரனுக்குச் சாபம். பாளம் பாளமாக அறுத்து விற்கிறவனுக்கு அது என்ன என்பது, இருபது வருடம் கல்லோடு கிடந்த இந்த மடையனுக்குத் தோன்றவே இல்லை.

மலர் வந்த பத்தாம் மாதம் குவாரிக்காரர் ஒருவர் மலரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "கீறலில்லாத பாறைன்னு போட்டிருக்குதே, அது எதும்மா?" என்று ஜோதியைக் கேட்டார். பாவி, அவளே கூட்டிப்போய்க் காட்டினாள்.

4.

போன மாதம் தனபால் அங்கே போனான். அவள் காட்டை ஒட்டியே குவாரிக் குழி கிணற்றைவிட ஆழமாக இறங்கியிருந்தது. கசிவுத் தண்ணீர் முழுக்கக் குழிக்குள் போகிறது. அதை இறைத்துத்தான் கல்லறுக்கும் ரம்பத்தைக் குளிர்விக்கிறார்கள்.

"வாங்ண்ணா. கெணத்தப் பாருங்க."

ஒரு கல்லை எடுத்துப் போட்டான். 'டொக்'கென்று காய்ந்த சத்தம் வந்தது.

"எருமைய வித்துப்போட்டமுங்க. ஆட்டையாம்பட்டில தங்கச்சி ஊட்டுக்குப் போறோம்."

"நா வேணும்னு எழுதுலம்மா. இப்ப ஒரு கதை எழுதறேன். நடந்தத அப்படியே..."

"எங்கூருப் பேரு போடுவீங்ளா?"

அவன் குனிந்து இன்னொரு கல்லைப் பொறுக்கினான்.

"சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது. வடக்கால இன்னும் அதே கல்லுத்தான் கெடக்குது. எந்தம்பி பூபதி கெணத்துல தண்ணி இருக்குது. இவிங்களுக்கு அது இன்னும் தெரியாது. எழுதாம இருங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். வந்தவன் எழுதிக்கொண்டிருக்கிறான். நியாயம் ஒன்றும் இல்லை, வெறும் அரிப்பு.

5.

முடிவு ஒன்று: தடை உத்தரவு வருகிறது. ரம்பம் நிற்கிறது. ஜோதி

(பொய்.)

முடிவு இரண்டு: பெருமழை பெய்து குழி ஏரியாகிறது. கொக்குகள் வந்து இறங்குகின்றன.

(இதை எழுதும்போது அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. தூ!)

முடிவு மூன்றுக்கு முன்னால் ஒரு வேலை. ஊர்ப்பெயரை அடித்தாயிற்று. அது போதாது. ஜோதி என்பது அவள் பெயரில்லை, பூபதியும் அப்படியே. அவள் சொன்ன திசை வடக்கு இல்லை. 'நாமக்கல் சமவெளிக்கு மேலே' என்பதையும் நம்ப வேண்டாம். தண்ணீர் வற்றியதை மட்டும் மாற்றவில்லை.

இத்தனைக்குப் பிறகும் உங்களில் ஒருவருக்கு இடம் பிடிபட்டிருக்கும். அந்தப் பக்கம் பெண் கொடுத்தவராகவோ, போர்வெல் போட்டவராகவோ இருப்பீர்கள். மூன்றாவது முடிவு உங்கள் வாயில்தான் இருக்கிறது. தனபால் வாயைத் திறந்துதான் ஒரு கிணறு போனது, நீங்களாவது மூடிக்கொண்டிருங்கள்.

தம்பி கிணற்றில் இன்று காலைவரை தண்ணீர் இருந்தது.