ஒரு சாண் மேலே

கரட்டுக்குப்பத்து மலைச்சரிவில் சின்னப்பனுக்கு நிலம் கிடைத்தபோது ஊரில் சிரிக்காத ஆளில்லை. கார்வேட்டிநகரத்திலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தக் கரடு முழுக்கக் கருப்புக் கல். கல் உளுத்து, வெங்காயம் போலத் தோல்தோலாக உரிந்து, களிமண்ணாகிச் சரிவெல்லாம் அப்பிக் கிடந்தது. பாதி மண், பாதி கல். மழையில் கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயிலில் முழங்கை வரை நுழைகிற மாதிரி வாய் பிளந்து கிடக்கும். கொஞ்சம் ஆழமாகக் கொத்தினால் கடப்பாறை பாறையில் இடித்துத் திரும்பி வரும். நல்ல மண்ணெல்லாம் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்த பிறகு, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கையகல நிலம் இல்லாதவனுக்குச் சர்க்கார் மனசு வைத்துக் கொடுத்தது இதைத்தான். அவனும் பெரிய கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டான்.

அந்த மண் ஓரிடத்தில் இருக்கிற மண்ணும் அல்ல. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, சரிவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். போன வருஷம் அடுக்கிய கல்வரப்பு இந்த வருஷம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். பொறுக்கி எறிந்த இடத்தில் மறுபடியும் கல் எழும்பியிருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கல் பொறுக்காமல் அங்கே கடலை போட முடியாது. பொறுக்கிப் பொறுக்கிச் சின்னப்பன் பெண்சாதி செல்லியம்மாவின் நகமெல்லாம் தேய்ந்துபோனது.

ஒரே ஒரு கல்லை மட்டும் அவள் பொறுக்கியதில்லை. முறத்தளவு தட்டைக் கல். நிலத்தின் மேல்கோடியில் கிடந்தது. அதன் அடியில்தான் ரத்னம்மா இருந்தாள்.

ரத்னம்மா அவர்களுடைய மூத்த பிள்ளை. காலில் பித்தளைத் தண்டை குலுங்க வாசல்படியைத் தாண்டப் பழகிக்கொண்டிருந்த வயசு. ஆந்திரா தனியாகப் பிரிவதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது. ஓடையில் வெள்ளம், இடுகாட்டுக்குப் போக வழியில்லை. சின்னப்பன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்த் தன் நிலத்திலேயே புதைத்தான். பெண்கள் கூடப் போகும் வழக்கமில்லை. திரும்பி வந்தவன், "மேல்கோடியில ஒரு தட்டக்கல்லு கீது, அத்த எடுக்காத" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

திறக்கவும் கூடாது. பால்பல் விழாத பிள்ளைக்கு அவர்கள் வழக்கத்தில் காரியம் கிடையாது. பெற்றவர்கள் அந்த இடத்தில் போய் நிற்கக்கூடாது, அழக்கூடாது, பேர் சொல்லக்கூடாது. சொன்னால் போனது திரும்பிப் பார்க்குமாம், அடுத்துப் பிறப்பது தங்காதாம். அடுத்துப் பிறந்த இரண்டும் தங்கின. அதனாலேயே பயமும் கூடவே தங்கிவிட்டது.

ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? முதல் மழை ஓய்ந்து கல் பொறுக்கப் போன அன்று செல்லியம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். கல் நகர்ந்திருந்தது. அதற்கு மேலே மண் ஒரு சாண் அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. அவளுக்குக் குழந்தை மேலே போர்த்தியிருந்த துணி நழுவிப்போன மாதிரி இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கல்லை அணைத்துத் தூக்கி ஒரு சாண் மேலே ஏற்றி வைத்தாள்.

அன்று தொடங்கி வருஷா வருஷம் தை மாதத்தில், மண் காலைத் தாங்குகிற பதம் வந்ததும், கல் பொறுக்குகிற சாக்கில் தனியாகப் போவாள். பிளவெல்லாம் தூர்ந்துபோயிருக்கும். மண் வருஷத்துக்கு ஒரு சாண் இறங்குகிறது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு. ஒரு சாண் மேலே வைப்பாள். முந்தானையில் முடிந்து வந்த பொரியைக் கல்லோரம் போடுவாள். "ஒந் தம்பி நடக்கிறான்டி, ஒன்ன மாதிரியே வாசப்படியில வியுறான்" என்று குனிந்தபடியே சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

புருஷன்மேல் அவளுக்குத் தீராத கோபம். திருவிழாவில் நாலு பேரோடு சேர்ந்து சிரிக்கிறான், வயிறாரத் துன்னுகிறான், குறட்டை விட்டுத் தூங்குகிறான். இவனுக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் இருப்பதும் இந்தக் கரட்டுக் கல்தான் என்று முடிவு கட்டியிருந்தாள். அவன் கேட்டதற்குப் பதில் சொல்வாள், சோறு போடுவாள். அதற்குமேல் அவனோடு பேசுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

அப்புறம் எல்லைத் தகராறு வந்தது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று வருஷக்கணக்கில் பேசி முடித்து, கடைசியில் சர்வேயர் திருவேங்கடம் சங்கிலியும் கொடியுமாகக் கரட்டின்மேல் ஏறினார். உச்சிப் பாறையிலிருந்து நேராகக் கீழே இழுத்த கோடு சின்னப்பன் நிலத்தின் நடுவில் இறங்கியது. குழி வெட்ட வந்த அப்பாவு வாய்க்கொழுப்பு பிடித்தவன். "சின்னப்பா, இனிமே ஒனக்கு ஏரு ஆந்திராவுல, மாடு மெட்ராசுல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான்.

எல்லைத் தூணுக்கு அடித்த முளை சரியாகத் தட்டைக் கல்லின் ஓரத்தில் விழுந்தது. அப்பாவு கல்லுக்கு அடியில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பப் போனான். கீழே களை பிடுங்கிக்கொண்டிருந்த செல்லியம்மா முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடி வந்தாள்.

"தொடாத! அந்தக் கல்ல தொடாத!"

"இன்னாமே, இந்தக் கரட்டுல கல்லுக்கா பஞ்சம்?" என்றான் அப்பாவு.

அவள் கல்லின்மேல் விழுந்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். "சாமி, கீழ எங் கொயந்த கீது சாமி. வேற எங்கனா வெட்டுங்க. ஒங்க காலுல வியுறேன்."

ஊரே பார்க்கிறது. வழக்கத்தை மீறிச் சொல்லிவிட்டாள். புருஷன் வந்து முடியைப் பிடித்து இழுப்பான் என்றுதான் நினைத்தாள். சின்னப்பன் வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு கோணிக்கொண்டு போனது.

"ஆமாங்க சாமி. மூத்த பொண்ணு. நாந்தான் வெச்சேன்."

திருவேங்கடம் பிள்ளைக்குட்டிக்காரர். கையிலிருந்த கொடியைக் கீழே வைத்தார். "கோடு மாறக் கூடாதும்மா, அது என் கையில இல்ல. ஆனா கோட்டு மேலயே தூணை ஏத்தி எறக்கி நடலாம். மேல வெறும் பாறை. கீழதான் போகணும். எங்கன்னு நீயே சொல்லு."

செல்லியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டோடு இறங்கினாள். ரெண்டடி வைத்துத் திரும்பிப் பார்த்தாள். போதாது, கடப்பாறை அதிர்வு குழந்தைக்குக் கேட்கும். இன்னும் இறங்கினாள். வெட்டிய மண் சிதறினாலும் கல்மேல் ஒரு பொடி விழாத தூரம் வந்ததும் நின்று, காலால் கோடு கிழித்தாள்.

"இங்க வெட்டுங்க சாமி. நீங்க நல்லாருக்கணும்."

அப்பாவு இறங்கி வெட்டினான். நன்றி சொல்லத் தெரியாத சின்னப்பன் தானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். களிமண் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது, கையால் வழித்து வழித்துப் போட வேண்டியிருந்தது. முட்டி ஆழம் போயிருக்கும். சின்னப்பன் ஒரு கட்டியை எடுத்து உடைத்தான். உடைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் உள்ளங்கையில் பச்சை பூத்த ஒரு சின்ன வளையம். தண்டை.

அப்பாவு கடப்பாறையைப் போட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டான். செல்லியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. மேலே கிடந்த கல்லைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். தான் காலால் கிழித்த கோட்டைப் பார்த்தாள். பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்து, ஐயோ என்று கூவிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

"கல்லு அங்க கீதே மாமா! நீ எங்க வெச்ச? எங்க வெச்ச எங் கொயந்தய?"

"கல்லுக்கு அடியிலதான்மே வெச்சேன்." அவன் தண்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான். "மயை நின்னதும் மார்கயி மாசத்துல வந்து பாப்பேன். எறங்கியிருக்கும். ஒரு சாண் மேல தூக்கி வெப்பேன். வருசா வருசம். ஒனக்குத் தெரிஞ்சா அயுவியேன்னு சொல்லல."

செல்லியம்மா அவன் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷம் கல் என்று நினைத்த முகம்.

"நானும் வெச்சேன் மாமா," என்றாள். "தையில. ஒரு சாண்."

மண் ஒரு சாண் இறக்க, அவன் ஒரு சாண் ஏற்ற, அவளும் ஒரு சாண் ஏற்ற, கல் மலையேறிப் போய்விட்டது. அவள் போட்ட பொரியும் சொன்ன கதையும் வெறும் மண்ணுக்குத்தான் போயிருந்தன. குழந்தை இருந்த இடத்தில் அவர்கள் ஏர் ஓட்டினார்கள். போன வருஷம் அங்கேதான் கடலை நன்றாகக் காய்த்தது என்று பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுத்திருந்தாள்.

"கல்லு மட்டுமா மாமா எறங்குச்சி? மண்ணே எறங்குச்சி. மண்ணோட அவளும் எறங்குனா. கல்லு பாட்டுக்கு அவ கூடவே போய்க்கினு இருந்துச்சி. சும்மா உட்டிருந்தா அவ மேலயே இருந்திருக்கும். நாமதான் மாமா பிரிச்சிட்டோம். ரெண்டு பேரும் சேந்து பிரிச்சிட்டோம்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ரத்னம்மா, ரத்னம்மா" என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுக் கூப்பிட்டாள். அடுத்தது தங்காது, திரும்பிப் பார்க்கும் என்று யாரும் தடுக்கவில்லை. திருவேங்கடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்டையை மறுபடியும் உள்ளே வைத்துக் குழியை மூடினார்கள். சின்னப்பன் மேலே போய்த் தட்டைக் கல்லைத் தலையில் தூக்கி வந்து அதன்மேல் வைத்தான். தூணை இன்னும் கீழே கொண்டுபோய், மண்ணை வெட்டி, அடியில் இருந்த பாறையைக் குடைந்து நட்டார்கள்.

அடுத்த மழை ஓய்ந்ததும் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே ஏறிப் போனார்கள். கூடை எடுத்துப் போகவில்லை. சர்க்கார் தூண் நட்ட இடத்தில் அசையாமல் நின்றது. தட்டைக் கல் ஒரு சாண் இறங்கியிருந்தது, கோட்டிலிருந்து கொஞ்சம் மெட்ராஸ் பக்கமாக. சரிவு அந்தப் பக்கம்தான்.

பழக்க தோஷத்தில் சின்னப்பன் குனிந்து கல்லின் இரண்டு பக்கமும் கை கொடுத்தான். செல்லியம்மா அவன் தோளைப் பிடித்தாள்.

"உடு மாமா. அவ போற எடத்துக்கு அது போவட்டும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் முந்தானையை அவிழ்த்துப் பொரியைக் கல்லின்மேல் போட்டாள். பிறகு கல்லைத் தொடாமல் ரெண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு இருவரும் அழுதார்கள்.